அண்ணனைக் குளிப்பாட்டியவர்கள்

மீனம்பாக்கத்தில் வெளியே வந்த உடனேயே என் பையை மூன்று பேர் மூன்று பக்கமாகப் பிடித்து இழுத்தார்கள். மலேசியாவில், எங்கள் தைப்பிங்கில் டாக்சிக்காரரை நாம்தான் தேடிப் போக வேண்டும். அவர் பத்திரிகையை மடித்து வைத்துவிட்டு எழுந்து வருவதற்குள் மழை வந்துவிடும். இங்கே இழுபறியில் ஜெயித்தவர் ஒல்லியான ஓர் ஆட்டோக்காரர். ஆவடிக்குப் பக்கத்தில் பருத்திப்பட்டு என்றேன்.

"அங்க யாரு கீறாங்கோ, மேடம்?"

"எங்க அண்ணன்."

அந்தச் சொல்லை வாய் நடுங்காமல் சொல்ல முடிந்ததே எனக்குப் பெரிய விஷயம். ஒரு வருடத்துக்குப் பக்கமாக, அண்ணனைப் பற்றி யாராவது கேட்டால் நான் பேச்சை மாற்றிக்கொண்டிருந்தேன்.

அண்ணன் பெயர் முனியாண்டி. ரப்பர் தோட்டத்தில் மரம் சீவிய ஆள். அண்ணி இறந்த பிறகு பேச்சைக் குறைத்துக்கொண்டார். பிறகு ஞாபகமும் குறைந்தது. நாங்கள் அதைத் துக்கம் என்று நினைத்தோம். கோயில்களைச் சுற்றிப் பார்த்தால் தேறிவிடுவார் என்று ஒரு யாத்திரைக் குழுவோடு தமிழ்நாட்டுக்கு அனுப்பினோம். திருத்தணியிலிருந்து மெட்ராஸ் திரும்பும் ரயிலில் அவர் எங்கேயோ இறங்கிவிட்டார். குழுவினர் தேடினார்கள், போலீசில் எழுதிக் கொடுத்தார்கள், விசா முடிந்ததும் ஊர் திரும்பினார்கள். அதற்குப் பிறகு தகவலே இல்லை. நான் மருத்துவமனையில் வார்டு அட்டெண்டன்ட். ஒருநாள் வார்டில் டீ குடிக்கும் மேசையில் கிடந்த தமிழ்ப் பத்திரிகையிலிருந்து அண்ணன் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். மொட்டைத் தலை, ஒட்டிய கன்னம். 'இவரைத் தெரிந்தவர்கள்' என்று கீழே பருத்திப்பட்டு முகவரி ஒன்று. டீ ஆறிப்போனதுகூடத் தெரியாமல் நின்றேன்.

ஆட்டோ பூந்தமல்லி வரை நன்றாக வந்தது. அங்கே 'டப்' என்று ஒரு சத்தம். "கேபிளு பூட்ச்சி, மேடம். நீங்க நாஸ்டா துன்னுங்க, நா தோ வந்துர்றேன்" என்று ஆட்டோக்காரர் சந்துக்குள் மறைந்தார். எதிரே ஓர் ஓட்டல். இட்லியோடு வடகறி என்று ஒன்றை ஊற்றினார்கள். முதல் வாயில் சந்தேகம், இரண்டாவது வாயில் சமாதானம், அதற்குப் பிறகு இன்னொரு கரண்டி கேட்டு வாங்கினேன். காப்பிதான் ஏமாற்றம். எங்கள் ஊரில் ஒரு குவளை வாங்கினால் ஒரு ஊர்வம்பு முழுக்கப் பேசி முடிக்கலாம். இங்கே வாயைத் திறப்பதற்குள் டம்ளர் காலி.

கேபிள் வந்தது. வழியெல்லாம் சைக்கிள்கள், பாதுகாப்புத் தொழிற்சாலையில் ஷிப்ட் விட்டிருந்தார்கள். ஏரிக்கரைக்குப் பக்கத்தில் ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட நீளமான கட்டடத்தின் முன்னால் ஆட்டோ நின்றது.

முற்றத்தில் வேப்பமரத்தடியில் ஒருவர் குந்தி உட்கார்ந்து, ஸ்டூலில் இருந்த ஆளின் கால் நகங்களை வெட்டிக்கொண்டிருந்தார். ஸ்டூலில் இருந்தது அண்ணன். சுத்தமான வேட்டி, சவரம் செய்த முகம். ஓடிப்போய் அவர் கையைப் பிடித்தேன். அண்ணன் கையை மெதுவாக உருவிக்கொண்டு, சமையலறைப் பக்கம் பார்த்து, "தங்கச்சி, யாரோ வந்திருக்காங்க" என்று குரல் கொடுத்தார்.

அவருடைய ஒரே தங்கச்சி நான்தான். ஆனால் சமையலறையிலிருந்து முந்தானையில் கையைத் துடைத்தபடி இன்னொருத்தி வந்தாள்.

அவள் பெயர் காஞ்சனா. திருமழிசைக்காரி. அவள் அப்பா அம்மா வயல் வேலை பார்த்தவர்கள். அந்த வயல்களில் இப்போது பட்டறைகள் நிற்கின்றன. நகம் வெட்டிக்கொண்டிருந்தவர் ஏழுமலை. வீடு வாசல் இல்லாமல் பஸ் நிலையத்திலும் ரயில் நிலையத்திலும் கிடக்கும் ஆண்களைக் கூட்டி வந்து வைத்திருக்கும் இல்லம் அது. அத்தனை பேருக்கும் இவர்கள் இரண்டு பேர்தான்.

என் முகம் போன போக்கைக் கண்டு காஞ்சனா என் தோளைப் பிடித்தாள். "யக்கா, அயுவாத. வந்தப்ப அவுருக்கு அவுரு பேரே தெரியாது. இப்ப சாப்பாடு வேணும்னு கேக்குறாரு, குளிக்கணும்னு கேக்குறாரு. உன்னியும் கேப்பாரு, பாரு."

ஏழுமலை ஆவடி ரயில் நிலையத்துப் படிக்கட்டின் அடியில் அண்ணனைக் கண்டுபிடித்த கதையைச் சொன்னார். "மொதல்ல கிட்டக்கவே வுடல, யக்கா. டீ வாங்கினு போயி பக்கத்துல வெச்சிட்டு நா தள்ளி குந்திக்குவேன். டீய பாப்பாரு, என்னிய பாப்பாரு. ரெண்டு மூணு வாரம் அப்டியே ஓடிச்சி. அப்பால ஒரு நாளு, 'நீ குடிக்கல?'ன்னு கேட்டாரு. அன்னிக்கே கூட்டினு வந்துட்டேன்."

அண்ணன் அடிக்கடி 'கித்தா காடு' என்று சொல்லிக்கொண்டிருந்திருக்கிறார். கித்தாக்காடு என்பது ஓர் ஊர் என்று நினைத்து, ஆர்க்காட்டுப் பக்கம் போகிற பஸ் கண்டக்டர்களை எல்லாம் ஏழுமலை விசாரித்திருக்கிறார். கடைசியில் இல்லத்துச் செயலாளரின் மனைவிதான் தெளிய வைத்திருக்கிறார். அவருடைய பெரியப்பா மலாயாவில் இருந்தவர். கித்தா என்றால் எங்கள் ஊர் ரப்பர் மரம். அதற்குப் பிறகுதான் எங்கள் ஊர்ப் பத்திரிகைக்கு அண்ணனின் படத்தை அனுப்பியிருக்கிறார்கள்.

செயலாளர் சபாபதி தொழிற்சாலையில் போர்மேன். திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். மாலையில் ஸ்கூட்டரில் வந்தவர், "லாட்ஜ் எல்லாம் எதுக்கு? நம்ம குவாட்டர்ஸ்ல தங்குங்கம்மா" என்று கூட்டிப் போனார். அவர் மனைவி செண்பகம் தேங்காய்ப்பாலில் சொதி வைத்திருந்தார். எங்கள் ஊரிலும் சொதி உண்டு, ஆனால் கண்ணில் தண்ணீர் வருகிற காரம். இது குழந்தைக்கு ஊட்டலாம். நிம்மதியாகச் சாப்பிட்டு, நிம்மதியாகத் தூங்கினேன்.

மறுநாள் அண்ணனைக் குளிப்பாட்டும் நேரத்தில் இல்லத்தில் இருந்தேன். அந்த வேலையை நான் இருபது வருடத்துக்கு மேலாகச் செய்கிறேன். எது நல்ல கை என்று எனக்குத் தெரியும். ஏழுமலை முதலில் அண்ணனின் உள்ளங்கையில் கொஞ்சம் தண்ணீர் விட்டு, "சூடு சரியா கீதா, அண்ணாத்தே?" என்று கேட்டார். அவர் தலையாட்டிய பிறகுதான் தோளில் ஊற்றினார். இல்லத்தில் பத்து இருபது பேர் காத்திருக்கும்போது இப்படிக் கேட்பதற்குப் பொறுமை வேண்டும்.

காஞ்சனா அன்று தாமதமாக வந்தாள். மகளுக்குக் காய்ச்சல். ஷிப்டுக்குப் போகிற வழியில் எட்டிப் பார்த்த சபாபதி வாசலிலேயே பிடித்துக்கொண்டார். "யாரைக் கேட்டு இம்புட்டு நேரம் கழிச்சு வாரே? காலைக் கஞ்சி என்னாச்சு? இப்படி இருந்தா எப்படி நடத்துதது?"

அவள் நேரே போய் அடுப்பைப் பற்றவைத்தாள். அவர் போனதும், "ஒனக்கு வார லீவு கிடையாதா?" என்று கேட்டேன்.

"லீவா? சம்பளமே இல்ல, லீவுக்கு எங்க போவ?" என்று சிரித்தாள்.

அப்புறம்தான் விஷயம் தெரிந்தது. இவர்கள் இருவரும் இல்லத்தின் கணக்கில் வேலையாட்கள் இல்லை, தொண்டர்கள். நன்கொடை வருகிற மாதம் ஏதோ கொடுப்பார்கள், வராத மாதம் அரிசி கொடுப்பார்கள். போன பொங்கலுக்கு முன் கொதிக்கிற கஞ்சி கையில் கொட்டி, காஞ்சனா பல நாள் படுத்திருந்தாள். அந்த நாட்களுக்கு ஒன்றும் கிடையாது, மருந்தும் அவள் செலவு. மகளைப் பெண் பார்க்க வந்தவர்கள் அம்மா என்ன செய்கிறாள் என்று கேட்டார்கள். இல்லத்தில் சேவை என்றதும், "அப்போ அங்கதான் சாப்பாடா?" என்று கேட்டுவிட்டு எழுந்து போய்விட்டார்கள். அதற்குப் பிறகுதான் இரண்டு பேரும் தொழிலாளர் அலுவலகத்தில் மனுக் கொடுத்திருக்கிறார்கள். வியாழக்கிழமை விசாரணை.

அன்று மாலை சபாபதியே பேச்சை எடுத்தார். "நீங்களும் வியாழக்கிழமை வாங்கம்மா. இது குடும்பம் மாதிரி, எல்லாரும் அன்பால செய்யுதாங்கன்னு வெளிநாட்டுல இருந்து வந்த நீங்க ஒரு வார்த்தை சொன்னா, அந்த ஆபீசருக்குப் புரியும். சம்பளம்னு வந்துட்டா சேவைங்கிற பேரே போயிரும். கட்டுபடியும் ஆகாது. பூட்டிட்டுப் போக வேண்டியதுதான். இத்தனை பேரும் மறுபடி ரோட்டுல நிப்பாங்க."

அவர் பொய் சொல்லவில்லை. சம்பளத்தில் பாதியை அந்த இல்லத்தில் போடுகிறவர். தனக்கென்று ஒன்றும் எடுப்பதில்லை. அவருடைய சோற்றைத்தான் நான் தின்றுகொண்டிருந்தேன். அதோடு, அண்ணனுக்கு அவசரப் பயணச் சான்று வாங்க, இத்தனை நாளும் இல்லத்தில் இருந்தார் என்று சபாபதி கையெழுத்துப் போட்டுத் தர வேண்டும். ஞாயிற்றுக்கிழமை விமானம். நான் "ம்" என்று மட்டும் சொன்னேன்.

புதன்கிழமை ஏழுமலையோடு போனேன். வாரத்தில் சில நாள் அவர் சுற்று வட்டாரத்தைப் பார்த்து வருவார். திருமழிசையில் தொழிற்பேட்டையைத் தாண்டி, நெடுஞ்சாலையோரப் பயணியர் நிழற்குடையில் ஒரு கிழவர் படுத்திருந்தார். முழங்காலுக்குக் கீழே புண். பத்தடி தூரத்திலேயே நாற்றம் வந்தது. ஏழுமலை பக்கத்தில் உட்கார்ந்து, "பெர்சு, நானு வந்துகினேன். கால காட்டு" என்றார். அவர்களுக்குள் ஏற்கெனவே பழக்கம் இருந்தது போல. நான் பையிலிருந்த துணியைக் கிழித்துக் கட்டினேன். இருவருமாகத் தூக்கி நிறுத்தினோம்.

பஸ் வந்தது. கண்டக்டர் படியிலேயே கையை நீட்டி மறித்தார். "இன்னாபா இது? இந்த நாத்தத்த ஏத்தினா மத்தவன்லாம் எறங்கிடுவான்." டபுள் விசில் கொடுத்துவிட்டார். அடுத்த பஸ் நிற்கவே இல்லை. வெயில் மண்டையைப் பிளந்தது. கடைசியில் பழைய இரும்பு ஏற்றிய டெம்போ ஒன்று நின்றது. ஓட்டியவர் தெலுங்கில் தன் உதவியாளிடம் ஏதோ சொன்னார். ஏழுமலை எனக்கு விளக்கினார்: "இரும்பு மூக்கப் பொத்திக்காது, ஏத்துன்றாரு." இரும்புத் தகடுகளுக்கு நடுவே சேலையை இழுத்துச் சொருகிக்கொண்டு நான் உட்கார்ந்த கோலத்தை எங்கள் மேட்ரன் பார்த்திருந்தால் மயங்கி விழுந்திருப்பார்.

நாங்கள் போன மருத்துவமனையில் ஜன்னலுக்கு அந்தப் பக்கம் இருந்தவர் ஏழுமலையை மேலும் கீழும் பார்த்தார். "நீ யாரு இவனுக்கு?"

"ஹோம்ல வேல பாக்கறேன், சார்."

"அட்டை எங்கே?"

ஏழுமலையிடம் அட்டை இல்லை. உறவுக்காரர் வந்தால்தான் சேர்ப்போம் என்று ஜன்னல் மூடப் போனது. நான் முன்னால் போய், மலேசியாவில் அரசு மருத்துவமனையில் வேலை பார்ப்பவள் என்று என் பாஸ்போர்ட்டை எடுத்து வைத்தேன். அவர் எழுந்தே நின்றார். கிழவருக்கு உடனே படுக்கை கிடைத்தது.

வெளியே வந்து கரும்புச்சாறு குடித்தோம். எனக்குச் சந்தோஷம் வரவில்லை. நான் இந்த ஊருக்கு வந்து மூன்றாவது நாள். என் சொல்லுக்குப் படுக்கை கிடைத்தது. பல வருடமாக இந்த மாதிரி ஆட்களைச் சுமக்கிற இவர் சொல்லுக்குக் கிடைக்கவில்லை.

"இது பரவால்ல, யக்கா" என்றார் ஏழுமலை. "ஒரு தபா, படுத்துகினு இருக்கறவன் பாக்கெட்ல கைய வுடறேன்னு போலீஸ்காரரு அறைஞ்சிட்டாரு. நா அவன் கைய புடிச்சி நாடி பாத்துகினு இருந்தேன். துட்டு கூட அப்பால. நா யாருன்னு கேட்டா சொல்றதுக்கு ஒரு பேரு வோணும். தொண்டன்னா எந்தக் கட்சின்னு கேக்குறானுவோ."

நான் சிரித்துவிட்டேன். அவரும் சிரித்தார். ஆனால் குவார்ட்டர்சுக்குத் திரும்பும்போது நாளைக்கு என்ன சொல்வது என்பது என் நெஞ்சில் கல்லாக இருந்தது. செண்பகம் கத்தரிக்காய் நறுக்கிக்கொண்டிருந்தார். மனதில் இருந்ததைக் கேட்டுவிட்டேன்.

"சம்பளம் குடுத்தா உண்மையிலயே மூட வேண்டி வருமா?"

செண்பகம் கத்தியை வைத்தார். "தெரியலம்மா. அவுக கெட்டவுக இல்ல. ஆனா அந்தப் பிள்ளைகளுக்கு ஒரு வழி பண்ணுங்கன்னு நானும் சொல்லிப் பாத்துட்டேன். அவுகளுக்குப் பயம். பயத்துல கோவப்படுதாக." கத்தியை மறுபடி எடுத்துக்கொண்டு, "நீங்க பாத்தத சொல்லுங்க. வேற எதையும் சொல்ல வேண்டாம்" என்றார்.

வியாழக்கிழமை, அம்பத்தூர் பக்கம் ஓர் அலுவலகம். கட்டுக் கட்டாகக் கோப்புகளுக்கு நடுவே ஒரு பெண் அதிகாரி. ஏழுமலையும் காஞ்சனாவும் சுவரோரம் நின்றார்கள். அதிகாரி அவர்களை உட்காரச் சொன்னார். காஞ்சனா நாற்காலி நுனியில் உட்கார்ந்தாள்.

சபாபதி தன் தரப்பைச் சொன்னார். இவர்கள் தாமாக வருகிறார்கள், தாமாகச் செய்கிறார்கள், யாரும் கட்டாயப்படுத்துவதில்லை. பிறகு என்னைக் காட்டி, "இவங்க அண்ணனை இத்தனை மாசமா நாங்கதான் பாத்துக்கிட்டோம். இவங்களே சொல்லட்டும்" என்றார்.

அதிகாரி என்னைக் கேட்டார். "இவங்க ரெண்டு பேரும் இஷ்டப்பட்ட நேரத்துக்கு வந்து போறவங்களா, அம்மா?"

அண்ணனுக்கு வேண்டிய சான்று சபாபதியின் சட்டைப் பையில் கையெழுத்தில்லாமல் இருந்தது, எனக்குத் தெரியும்.

"சார் ரொம்ப நல்லவரு" என்றேன். "எங்க அண்ணனுக்குக் கூரை குடுத்தவரு. ஆனா செவ்வாய்க்கிழமை காஞ்சனா நேரங்கழிச்சு வந்தா. யாரைக் கேட்டு லேட்டா வந்தேன்னு சார் கேட்டாரு. இஷ்டத்துக்கு வர்றவங்கள அப்படிக் கேக்க முடியாது. நான் ஆஸ்பத்திரியில செய்யுற வேலையும் இதேதான். குளிப்பாட்டுறது, ஊட்டுறது, புண்ணு கழுவுறது. எனக்கு யூனிபார்ம் இருக்கு, லீவு இருக்கு, மாசமானா சம்பளம் இருக்கு. சம்பளம் வாங்குறதால நான் யாரையும் அன்பில்லாம குளிப்பாட்டுனது கெடையாது."

நான் சபாபதியைப் பார்க்கவில்லை.

அதிகாரி அவரிடம் திரும்பினார். "பார்வையிட வந்தப்ப பாத்தேன், உங்க இல்லத்துல எத்தனையோ ஃபேன் இருக்கே சார், அதெல்லாம் யார் குடுத்தது?"

"நன்கொடைதாம்மா. எங்க தொழிற்சாலை ஆளுங்க. ஃபேன் குடுப்பாங்க, டியூப்லைட் குடுப்பாங்க."

"சம்பளத்துக்குக் குடுக்க மாட்டாங்களா?"

"ஃபேன்ல பேரு எழுதலாம்மா" என்றார் சபாபதி. "சம்பளத்துல எங்க எழுத?"

அவர் விளையாட்டாகச் சொல்லவில்லை. அதிகாரி சிரிப்பை அடக்கிக்கொண்டு குனிந்தார். சபாபதிக்குத் தான் சொன்னது காதில் விழ ஒரு நொடி ஆனது. முகம் சிவந்தது. "யோசிச்சுச் சொல்லுதேன்" என்று எழுந்துவிட்டார்.

வெளியே ஸ்கூட்டரை உதைத்துக் கிளப்பினார். என்னை ஏறச் சொல்லவில்லை. நாங்கள் மூவரும் பஸ்ஸில் வந்தோம். காஞ்சனா என் கையை விடவே இல்லை. "உன் அண்ணாத்தே பேப்பரு இன்னா ஆவுமோ. எங்களுக்காவ நீ ஏன்க்கா..." என்று பாதியில் நிறுத்தினாள். அதைத்தான் நானும் நினைத்துக்கொண்டிருந்தேன்.

குவார்ட்டர்சில் பையைக் கட்டினேன். செண்பகம் அதைப் பிடுங்கிக் கட்டிலுக்கு அடியில் தள்ளினார். "சாப்பிடுங்க மொதல்ல." சபாபதி வரத் தாமதமாகும் என்று மட்டும் சொன்னார். எங்கே போனார் என்று அவருக்கும் தெரியவில்லை.

வெள்ளிக்கிழமை நான் எழுந்தபோது அவர் ஏற்கெனவே கிளம்பிப் போயிருந்தார். அன்று மதியத்துக்குள் மெட்ராசில் இருக்கும் மலேசியத் துணைத் தூதரகத்துக்குப் போகாவிட்டால் ஞாயிற்றுக்கிழமை விமானம் போய்விடும். இல்லத்து வாசலில் அண்ணனைச் சட்டை போட்டு உட்கார வைத்துவிட்டு, ஒவ்வொரு ஸ்கூட்டர் சத்தத்துக்கும் எழுந்து எழுந்து பார்த்தேன். ஏரியில் கொக்குகள் நின்றன. எதையும் ரசிக்கிற மனநிலையில் நான் இல்லை.

ஸ்கூட்டர் சத்தம் வரவில்லை. சபாபதி அதைத் தள்ளிக்கொண்டு வந்தார். டயர் பஞ்சர். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. மூச்சு வாங்கியபடியே பையிலிருந்து சான்றை எடுத்து நீட்டினார். கையெழுத்தும் முத்திரையும் இருந்தன.

"நேத்தே போட்டுட்டேம்மா. வீட்டுல வச்சுக் குடுத்திருக்கலாம். உங்க மூஞ்சில முழிக்கக் கூச்சமா இருந்தது."

அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டேன்.

அவர் காஞ்சனாவையும் ஏழுமலையையும் கூப்பிட்டார். நேற்று மாலையும் இன்று காலையும் ஷிப்ட் மாறும்போது தொழிற்சாலை வாசலில் நின்று, நன்கொடை தருகிற ஒவ்வொருவரையும் கேட்டிருக்கிறார். "ஃபேன் போதும், இனி மாசாமாசம் ஆளுங்க சம்பளத்துக்குக் குடுங்கன்னேன். பேரு எழுத முடியாதுன்னும் சொல்லிட்டேன். ஒருத்தன் என்ன சொன்னான் தெரியுமா? 'அவங்களுக்கு நீ சம்பளமே குடுக்கலியா?'ன்னு கேட்டான். எல்லாரும் இத்தனை நாளும் குடுக்கேன்னுதான் நினைச்சிருக்காங்க." அவர் தரையைப் பார்த்தார். "பூரா பேரும் சரின்னுட்டாங்க. ஒண்ணாந் தேதியில இருந்து சம்பளம். போட்டோ ஒட்டுன அட்டை. வாரம் ஒரு நாள் லீவு. ஆபீசர்கிட்டயும் எழுதிக் குடுக்கேன்."

ஏழுமலை தாடையைத் தடவினார். "போட்டோன்னா முடி வெட்டிக்கணும், சார்."

காஞ்சனா அழுவாள் என்று எதிர்பார்த்தேன். அவள், "லீவு ஞாயித்துக்கெயமையா, சார்?" என்று கேட்டாள்.

"ஞாயித்துக்கிழமையே எடுத்துக்கோ."

"இந்த ஞாயிறே?"

சபாபதி வாயைத் திறந்து மூடினார். "சரி" என்றார்.

தூதரகத்தில் இருந்த அதிகாரி இளைஞர். அண்ணனைப் பார்த்து மலாயில் மெதுவாகக் கேட்டார்: "மாமா, உங்களுக்கு எந்த ஊர்?" நான் பதில் சொல்ல வாயெடுப்பதற்குள் அண்ணன் நிமிர்ந்து உட்கார்ந்தார். "தைப்பிங். அங்கே தினமும் மழை. இங்கே மழையே இல்லை" என்றார், அதே மலாயில், பிசிறில்லாமல். துணைக்கு வந்திருந்த ஏழுமலை வாய் பிளந்தார். இளைஞர் சிரித்துக்கொண்டு என்னைக் காட்டி, இவர் யார் என்று கேட்டார்.

அண்ணன் என்னை வெகுநேரம் பார்த்தார். "லெட்சுமி" என்றார் தமிழில். "எளைச்சுப் போயிட்டா."

தூதரகத்து நாற்காலியில் உட்கார்ந்து நான் அழுத அழுகையை அந்தப் பையன் ஊர் திரும்பிய பிறகும் மறந்திருக்க மாட்டான். தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தான், பயணச் சான்றையும் கொடுத்தான். அன்று மதியம் மூன்று பேரும் பிரியாணி சாப்பிட்டோம். அண்ணன் எலும்பை ஏழுமலை இலையிலும் கறியைத் தன் இலையிலும் பிரித்து வைத்தார். ஏழுமலை எதிர்ப்புத் தெரிவிக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை அண்ணனைக் கூட்டிக்கொண்டு விடைபெற இல்லத்துக்குப் போனேன். காஞ்சனாவுக்காக ஒரு புடவை வாங்கி வைத்திருந்தேன். அவள் இல்லை. வருவாள் என்று நினைத்திருந்ததால் சற்று முகம் வாடியது. சமையலறையிலிருந்து புகை வந்தது. எட்டிப் பார்த்தேன். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு சபாபதி அண்டாவில் உப்புமா கிளறிக்கொண்டிருந்தார். கண்ணெல்லாம் சிவப்பு. பக்கத்தில் செண்பகம் வெங்காயம் உரித்தபடி, "அடுப்பைக் குறைங்கன்னு எத்தன தடவை சொல்லுதது!" என்றார். அடிப்பிடித்த வாசனை வாசல் வரை வந்திருந்தது.

"காஞ்சனா வரலையா?" என்றேன்.

"மகளைக் கூட்டிக்கிட்டு பூந்தமல்லியில சினிமாவுக்குப் போயிருக்கா" என்றார் சபாபதி, கரண்டியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு. "சாயங்காலம் வரட்டான்னுகூடக் கேக்கலம்மா."

புடவையைச் செண்பகத்திடம் கொடுத்துவிட்டு வரிசையில் உட்கார்ந்தேன். அண்ணன் ஒரு வாய் உப்புமாவை மென்று, தட்டைக் கொஞ்சம் தள்ளி வைத்தார். "தங்கச்சி எங்க?" என்று கேட்டார். அவர் கேட்டது என்னை அல்ல என்று எனக்குத் தெரியும்.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெரியவர் ஒருவர் கருகிய பகுதியைத் தட்டோரம் ஒதுக்கிக்கொண்டே சொன்னார். "அதுக்கு இன்னிக்கி லீவுபா. பேசாம துன்னு."

அண்ணன் தட்டை மறுபடி தன் பக்கம் இழுத்துக்கொண்டார். நானும் என் பங்கை ஒட்டச் சாப்பிட்டு முடித்தேன். வாசலில் ஆட்டோ வந்து நின்றது.